ஆறாவது ஆள்

வெர்னல் டகெட் உள்ளங்கைகள் இரண்டையும் மார்பின்மேல் வைத்து, சட்டையிலிருந்த எழுபத்தாறு என்ற எண்ணை மேலும் கீழுமாகத் தடவிக் காட்டினான். நடுவர் தலையசைத்து, இடுப்பிலிருந்த மைக் பொத்தானை அழுத்தினார். "எழுபத்தாறு, பந்து பிடிக்கத் தகுதி உள்ளவர்" என்ற அறிவிப்பு டொலீடோ மைதானத்தின் ஒலிபெருக்கிகளில் எழுந்து அடங்குவதற்குள், அறுபதினாயிரம் பேர் வானம் பிய்ந்துவிடும்படி கத்தினார்கள்.

டகெட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்டோபர் முதல் இப்படித்தான் கத்துகிறார்கள். அக்டோபர் முதல் அவனுக்கும் இப்படித்தான் ஒன்றும் விளங்கவில்லை.

அந்த அறிவிப்பில் மகிழ்வதற்கு எதுவுமே இல்லை. அமெரிக்க ஃபுட்பாலில் முன்வரிசையில் நிற்கும் ஐவரும் எறியப்படும் பந்தைத் தொடக் கூடாது. எதிரே வருபவனைத் தடுத்து நிறுத்துவதே அவர்களுடைய வேலை. ஒரு கெஜமோ இரண்டு கெஜமோ முட்டித் தள்ளிப் பெற வேண்டிய தருணத்தில், அணி ஆறாவதாக ஒரு பெரிய ஆளை உள்ளே அனுப்பும். அவன் வரிசையின் ஓரத்தில், பந்து பிடிப்பவர்களுக்குரிய இடத்தில் நிற்பதால், சட்டப்படி அவனும் பந்தைப் பிடிக்கலாம் என்று ஆகிவிடுகிறது. அதை எதிரணியிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக அவன் எண்ணைத் தடவிக் காட்டுகிறான். நடுவர் ஊரறியச் சொல்கிறார். தெருவில் பள்ளம் தோண்டுபவர்கள் பலகை வைப்பதைப் போன்ற காரியம் அது. டகெட்டிடம் யாரும் பந்தை எறிந்ததில்லை. எறிவதாக உத்தேசித்ததும் இல்லை. அவன் ஓடி வருவான், எண்ணைத் தடவுவான், எதிரே இருப்பவனைத் தள்ளுவான், மீண்டும் ஓரத்துக்கு ஓடிவிடுவான்.

அந்த ஆண்டு ஏப்ரலில் அணிகளெல்லாம் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தபோது, ஏழு சுற்றுகளிலும் அவன் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. கென்டக்கியில், படூக்காவில், அவனுடைய அக்கா ரெனீட்டாவின் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் டிவியின் முன் கூடியிருந்தது. புகையில் வாட்டிய பன்றியிறைச்சி ஆறிப்போயிற்று. வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளைக் கழுவிவைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் டொலீடோ அணியின் முன்வரிசைப் பயிற்சியாளர் லூ சிம்கோ போன் செய்தார்.

"டகெட்டா? சிம்கோ பேசுறேன். ஒரு இடம் இருக்கு. வர்றியா?"

"என்ன இடம் கோச்?"

"நிக்கிற இடம்தான். எங்க பசங்க முட்டிப் பழகுறதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும்."

அவன் போனான். கோடை முழுவதும் முட்டு வாங்கினான். ஆகஸ்டு முடிவில், வேண்டாதவர்களைக் கழிக்கும் நாளன்று, 'கோச் கூப்பிடுறார், பையை எடுத்துக்கிட்டு வா' என்று சொல்லும் மனிதர் விடுதியில் ஒவ்வோர் அறைக் கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். டகெட்டின் கதவை மட்டும் தட்டாமல் கடந்துபோனார். மறந்துவிட்டார் என்று எண்ணி, டகெட் தானே பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிம்கோவின் முன் நின்றான்.

"எதுக்குடா பையோட வந்திருக்க?"

"என்னைக் கூப்பிட மறந்துட்டாங்க போல கோச்."

"மறக்கல. ஆறாவது ஆள் நீதான். போய்ப் பையை வை."

"அப்ப, நல்லா ஆடினேனா கோச்?"

"பையை வைன்னு சொன்னேன்."

தான் எதற்காகத் தக்கவைக்கப்பட்டோம் என்பது டகெட்டுக்குத் தெரியாமலே போயிற்று.

ஆறாவது ஆள் என்பவன் இரவல் வாங்கிய நாற்காலியைப் போன்றவன்; விருந்து முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருகிற ஏப்ரலில் இன்னொரு பையன் வருவான், அதே மலிவான விலைக்கு. டகெட்டுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஐவரில் ஒருவனாக வேண்டும். அதிலும், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்குத் தெரியாத முதுகுப் பக்கத்தைக் காக்கும் இடக்கோடியில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் பதினோராண்டுகளாக ட்ரெவர் ஒலாண்டர் நின்றுகொண்டிருந்தார்.

ஆரவாரம் தொடங்கியது ஒரு மழைநாளில். தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில், ஒரே ஒரு கெஜத்துக்காக, டகெட்டை அடுத்தடுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அறிவிப்பு. கைதட்டுவதற்கு வேறொன்றும் கிடைக்காத மேல்தளத்துக் கும்பல் ஒன்று, பீர்க் குவளைகளை உயர்த்தி, அந்த அறிவிப்புக்குக் கைதட்டியது. அடுத்த ஆட்டத்தில் மைதானம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. நவம்பரில், 'எழுபத்தாறு தகுதி' என்று அச்சிட்ட சட்டைகள் கடைகளில் தொங்கின. மளிகைக் கடையில் பிள்ளைகள் அவனைக் கண்டதும் தங்கள் மார்பைத் தடவிக் காட்டினார்கள்.

ரெனீட்டா படூக்காவிலிருந்து கூப்பிட்டாள்.

"டேய், டிவில உன்னைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காங்க. அப்படி என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா. சொல்லிட்டு உள்ள போனேன்."

"என்ன சொன்ன?"

"வந்திருக்கேன்னு சொன்னேன்."

"அதுக்கா இவ்ளோ கத்துறாங்க? நம்ம வீட்டுக்கு நீ வந்தா நாய்கூட எந்திரிக்காதே!"

ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், ஒலாண்டரும் அவனும் பான்கேக் சாப்பிடப் போயிருந்தார்கள். பக்கத்து மேசையிலிருந்த அம்மாள் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"தம்பி, நீங்க எழுபத்தாறுதானே? ஐயோ, என் பேரன் நம்பவே மாட்டான்! ஒரே ஒரு போட்டோ!" என்றவள், தன் போனை ஒலாண்டரின் கையில் திணித்தாள். "அண்ணே, நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

பதினோராண்டு இடக்கோடி மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா. டகெட், சிரிடா. பல்லு தெரியல."

அவள் போனபின் டகெட் தட்டைத் தள்ளிவைத்தான். "அண்ணே, அந்தம்மாவுக்கு நீங்க யாருன்னு தெரியல."

"தெரியாம இருக்கிற வரைக்கும் நல்லதுடா. நம்ம நம்பரை மைக்குல சொன்னா, நாம எதையோ கெடுத்துட்டோம்னுதான் இத்தனை வருஷமா அர்த்தம்."

"ஆனா என் நம்பரை வாரா வாரம் சொல்றாங்களேண்ணே?"

ஒலாண்டர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அதான் எனக்கும் புரியல" என்று ஒப்புக்கொண்டு, டகெட்டின் தட்டிலிருந்த இறைச்சித் துண்டையும் எடுத்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமைதோறும் முன்வரிசையினர் இருட்டறையில் கூடி, முந்தின நாள் ஆட்டத்தைத் திரையில் பார்ப்பார்கள். சிம்கோ, பந்து கிளம்பி அடங்கும்வரையிலான ஒவ்வோர் ஓட்டத்தையும் நிறுத்தி, ஐவருக்கும் ஒவ்வொன்றாகத் தீர்ப்பு வழங்குவார்: ப்ளஸ், மைனஸ், மைனஸ், ப்ளஸ். டகெட் உள்ளே இருக்கும் காட்சி வரும்போது அவர் திரையில் சுட்டும் விளக்குப் புள்ளி ஐவர்மேல் நகர்ந்து, அவனைத் தாண்டி, அணைந்துவிடும். ஒருநாள் அவன் துணிந்து கேட்டுவிட்டான்.

"கோச், நான் எப்படி?"

"ஆறாவது ஆளுக்கு மார்க்கு கிடையாது."

"ஏன் கோச்?"

"ஏன்னா நீ ஆறாவது ஆள்."

வரிசையின் நடுவில் நிற்கும் கால்டெரோன் என்பவன், பந்தைக் காலிடுக்கின் வழியே குவார்ட்டர்பேக்குக்குத் தருகிறவன், இருட்டிலிருந்து குரல் கொடுத்தான்: "இவனுக்கு எதுக்கு கோச் மார்க்கு? இவனுக்குத்தான் ஊரே சட்டை போட்டுக்கிட்டுத் திரியுதே!"

எல்லாரும் சிரித்தார்கள். டகெட்டும் சிரித்தான். ஊர் முழுவதும் தன்னைப் பாராட்டுகிறது. தன் தொழிலறிந்த ஒரே மனிதர் தன்மேல் வெளிச்சத்தைக்கூடப் படவிடுவதில்லை. இவ்விரண்டில் எது உண்மை என்பது அவனுக்குத் தெரியவில்லை. விடுதிக்குப் போகும் வழியில் மேலும் பன்னிரண்டு பேர் கையெழுத்து வாங்கினார்கள்.

ஜனவரியில், ஏரிப் பக்கமிருந்து பனி வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் மேற்சுற்று, தோற்றால் அதோடு வீடு. எதிரணியின் ஓரத்தில் கீயான் ஸ்ட்ராதர் நின்றான். குவார்ட்டர்பேக்குகளைத் தரையில் வீழ்த்துவதில் லீக்கிலேயே முதலாமவன். இரண்டாம் கால்பகுதியில் ஒலாண்டரின் முழங்கால்மேல் இருவர் விழுந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

சிம்கோ டகெட்டின் தலைக்கவசத்தைப் பற்றித் தம் முகத்தருகே இழுத்தார். "இடக்கோடி. கேட்டுக்கோ. இப்ப நீ அஞ்சு பேர்ல ஒருத்தன். நடுவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. கையை மார்ல வைக்காத. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது கோச்."

உண்மையாகவே புரிந்திருந்தது. ஆனால், அவன் ஓரத்திலிருந்து ஓடிய வழி மூன்று மாதமாக ஓடிய அதே வழி. எழுபத்தாறைக் கண்டதும் கூட்டம் முன்கூட்டியே எழுந்துகொண்டது. நடுவர் வழக்கம்போல் அவன் பக்கம் திரும்பினார். கைகள் இரண்டும், யாரையும் கேட்காமல், மார்புக்குப் போய்விட்டன.

"எழுபத்தாறு, பந்து பிடிக்கத் தகுதி உள்ளவர்."

மைதானம் அதிர்ந்தது. டகெட் தகுதி பெற்றவனாய் அறிவிக்கப்பட்டு, தகுதியற்றவர்களின் இடத்தில் போய் நின்றான். நடுவர்கள் மஞ்சள் துணியை வீசினார்கள். ஐந்து கெஜம் அபராதம். சிம்கோவின் தொப்பி பனியில் கிடந்தது. அதன்மேல் அவருடைய காலும் இருந்தது.

கால்டெரோன் குந்தியபடி திரும்பினான். "டேய், நீ பந்து புடிக்க வந்தியா, எங்ககூட நிக்க வந்தியா? ஒரு முடிவுக்கு வா!"

எதிரே ஸ்ட்ராதர் பற்கவசம் தெரியச் சிரித்தான். "வாங்க ஸ்டார்! கையெழுத்தெல்லாம் இப்பவே போட்டு வச்சிடுங்க. அப்புறம் கை இருக்காது."

ஆனால், ஸ்ட்ராதரைவிடப் பெரிய தொல்லை பின்னாலிருந்து வந்தது. சொந்த மைதானத்தில், தம் அணியிடம் பந்து இருக்கும்போது, கூட்டம் வாய்மூடியிருக்கும். பந்து கிளம்பும் நொடியைக் குறிக்கக் குவார்ட்டர்பேக் குரலெழுப்பி எண்ணுவது முன்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. டொலீடோ மக்கள் தாய்ப்பாலோடு கற்ற ஒழுங்கு அது. அன்று எழுபத்தாறாம் எண் உள்ளேயே நின்றபடியால், அவர்கள் அதைத் துறந்துவிட்டார்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் நடுவருக்குப் பதிலாகத் தாங்களே அறிவித்து, தாங்களே ஆரவாரித்தார்கள். குவார்ட்டர்பேக் எண்ணியது யாருக்கும் கேட்கவில்லை. கேட்காத குரலுக்காக டகெட் காத்திருந்த அரை நொடியில், ஸ்ட்ராதர் அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் குவார்ட்டர்பேக்கை மண்ணோடு சேர்த்தான்.

"உன் சொந்தக்காரங்களை வாயை மூடச் சொல்லுடா!" என்று கால்டெரோன் கத்தினான்.

டகெட் இரு கைகளையும் உயர்த்தி, அமைதி, அமைதி என்று தாழ்த்திக் காட்டினான். பெரிய திரையில் அது தெரிந்தது. அவன் தங்களுக்கு ஏதோ புதிய சைகை கற்றுத் தருவதாகக் கூட்டம் எடுத்துக்கொண்டது. அறுபதினாயிரம் பேரும் கைகளை உயர்த்தித் தாழ்த்தி, இருமடங்கு இரைந்தார்கள். தன்மீதுள்ள அன்பினால் தன்னுடைய அணி தோற்கப்போகிறது என்ற விசித்திரம் டகெட்டின் மண்டைக்குள் எந்தப் பக்கத்தாலும் நுழைய மறுத்தது.

குவார்ட்டர்பேக் மண்ணைத் துப்பிக்கொண்டு எழுந்தான். "வெளியூர்ல ஆடுறாப்ல ஆடுவோம். நான் எண்ணல. நான் காலைத் தூக்கினதும் கால்டெரோன் தலையை ஆட்டுவான். அப்புறம் பந்து வரும்."

"நம்ம ஊர்லயா?" என்றான் கால்டெரோன்.

"இது நம்ம ஊர் மாதிரியா இருக்கு?"

அப்படியே ஆடினார்கள். இடக்கோடியிலிருந்து கால்டெரோனின் தலை சரியாகத் தெரியாது, பந்து தெரியும். ஆறாவது ஆளாக வரிசையின் கடைசியில் நின்றபோதும் டகெட்டுக்குக் குரல் கேட்டதில்லை. அவனுக்கென்று எழுந்த ஆரவாரம் அடங்குவதற்குள் ஓட்டம் தொடங்கிவிடும். கடைக்கண்ணால் பந்தைப் பார்த்து, அது நடுங்கியதும் கிளம்புவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அதைத் திறமை என்று அவன் நினைத்ததே இல்லை. இப்போது பந்து நடுங்கியது, அவன் பின்வாங்கினான், ஸ்ட்ராதர் வந்து அவன் கைகளில் மோதி நின்றான். அடுத்த தடவை உட்பக்கம் புகுந்து பார்த்தான். அங்கேயும் டகெட் இருந்தான். ஸ்ட்ராதர் தோளைத் தாழ்த்தி, தூக்கியெறிந்துவிடும் வேகத்தில் வந்தான். இருவருமாகப் பனியில் ஒரு கெஜம் சறுக்கி, அங்கேயே நின்றார்கள்.

"யார்டா நீ?" என்றான் ஸ்ட்ராதர், மூச்சு வாங்கியபடி. இம்முறை அவன் சிரிக்கவில்லை.

டகெட் குனிந்து, மீண்டும் கையைத் தரையில் ஊன்றினான்.

மூன்றாம் கால்பகுதியில் ஒரு மாற்றம் வந்தது. எழுபத்தாறாம் எண் உள்ளே வருவதும் போவதுமாக இல்லை. நின்ற இடத்திலேயே நின்றது. அறிவிப்பு இல்லை. அவனைச் சுற்றி எதுவுமே நடக்கவில்லை. ஸ்ட்ராதரின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு டகெட்மேல் சலிப்பு வந்துவிட்டது. கண்கள் பந்தின் பின்னால் போயின. சிறுகச் சிறுக இரைச்சல் வடிந்து, கடைசிக் கால்பகுதியில், பனி தலைக்கவசத்தில் விழும் ஓசையும் கேட்குமளவுக்கு மைதானம் அடங்கிப்போயிற்று.

டகெட் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தான். "கால்டெரோன், கோவமா இருக்காங்களா?"

"யாரு?"

"ஜனங்க. யாருமே கத்தல."

"வாயை மூடுடா. எண்ணுறது கேக்குது."

கேட்டது. குவார்ட்டர்பேக்கின் குரல், இருமலும் சளியுமாக, தெளிவாகக் கேட்டது. ஸ்ட்ராதர் அதன்பின் குவார்ட்டர்பேக்கின் சட்டையைக்கூடத் தொடவில்லை. டொலீடோ மூன்று புள்ளிகளில் வென்றது. வெளியே போகும் வழியில் டகெட்டிடம் ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. பந்து பிடித்தவனைச் சூழ்ந்து நின்றார்கள்.

திங்கட்கிழமை இருட்டறையில் விளக்குப் புள்ளி இடக்கோடிக்கு வந்து நின்றது. "எழுபத்தாறு. கையை மார்ல வச்சதுக்கு மைனஸ். ஸ்ட்ராதரை விட்டதுக்கு மைனஸ்." பிறகு சிம்கோ மற்ற நால்வருக்கும் சொல்வதைப்போலவே, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல், இறுதிவரை சொல்லிக்கொண்டே போனார். அவற்றில் பெரும்பாலானவை ப்ளஸ்.

மேற்சுற்றில் அவர்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஒலாண்டரின் முழங்கால் தேறவில்லை. அவர் ஆட்டத்தை விட்டு விலகினார். ஏப்ரலில் டொலீடோ அணி இடக்கோடிக்கு யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. புதிய பருவத்தில் டகெட் ஒவ்வோர் ஆட்டத்திலும் அங்கே நின்றான். கடைகளில் எழுபத்தாறாம் எண் சட்டைகள் பாதி விலைக்கு வந்து, பிறகு காணாமல் போயின. டிசம்பரில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, ரசிகர்களின் வாக்கில் அவன் பெயர் மிகவும் கீழே கிடந்தது. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் அளித்த வாக்கில் இடக்கோடிக்கு அவன்தான் முதலாவது.

"லீக்கிலேயே பெரிய ஆளுன்னு எழுதுறாங்க" என்றாள் ரெனீட்டா. "நானும் நேத்து முழு ஆட்டமும் பார்த்தேன்டா. உன்னைக் காணவே இல்லையே!"

"நானும் எழுதினதைப் படிச்சேன்க்கா. யாரைப் பத்தியோ எழுதினாப்ல இருக்கு."

அந்த மாதக் கடைசியில் ஸ்ட்ராதரின் அணி மறுபடியும் டொலீடோவுக்கு வந்தது. அந்த வாரம் முழுவதும் டகெட் சரியாகத் தூங்கவில்லை. ஸ்ட்ராதர் உட்பக்கம் புகுவதை, வெளியே சுழல்வதை, தோளைத் தாழ்த்துவதை, திரையில் திரும்பத் திரும்பப் பார்த்து வைத்திருந்தான். முதல் ஓட்டத்துக்கு வரிசை அமைந்தது. அவன் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, நிமிர்ந்து பார்த்தான்.

எதிரே ஸ்ட்ராதர் இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு பையன், உதட்டை நக்கியபடி நின்றுகொண்டிருந்தான்.

தான்தான் இடம் மாறி நின்றுவிட்டோமோ என்று டகெட் திகைத்தான். வலப்பக்கம் பார்த்தான், கால்டெரோன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தான். அவனுக்கும் அப்பால், வரிசையின் மறுகோடியில், வலப்பக்கத்து ஆளின் எதிரே, ஸ்ட்ராதர் குந்தியிருந்தான். இந்தப் பக்கம் அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

"கால்டெரோன்! ஸ்ட்ராதர் ஏன் அங்க போயிட்டான்?"

"ஏன்னா நீ இங்க இருக்க."

"என்னைச் சமாளிக்க இந்தச் சின்னப் பையன் போதும்னு விட்டுட்டாங்களா?"

கால்டெரோன் பந்தின்மேலிருந்த கையை எடுக்காமல் சிரித்ததில் அவன் முதுகு குலுங்கியது. "லூசுப் பயலே! உன்கிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னு ஓடியிருக்கான்டா. லீக்ல எவன் முன்னாலயும் அவன் இப்படி இடம் மாறினதில்ல."

டகெட் மறுபடியும் ஸ்ட்ராதரைப் பார்த்தான். பிறகு எதிரே நின்ற பையனைப் பார்த்தான். கால்டெரோன் கேலி செய்கிறானோ என்ற ஐயம் அவனுக்குத் தீரவில்லை. சுற்றிலும் அறுபதினாயிரம் பேர் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். குவார்ட்டர்பேக் எண்ணத் தொடங்கினான். ஒருவேளை அடுத்த ஓட்டத்தில் ஸ்ட்ராதர் திரும்பி வந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டகெட் கடைக்கண்ணைப் பந்தின்மேல் வைத்தான்.